மெனு அட்டையைத் திறக்காதவர்

சீனச் சாப்பாட்டுக் கடைகளில் மட்டும் தழைத்து வளரும் மனித இனம் ஒன்று உண்டு. பிரியாணிக் கடையில் அது பிழைக்காது. அங்கே ஆளுக்கொரு தட்டு, அவரவர் எலும்பு அவரவருக்கு. மீன் சோற்று மெஸ்ஸிலும் அதற்கு வேலை கிடையாது. நாம் உட்காருவதற்குள் பரிமாறுகிறவரே நம் தலைவிதியை முடிவு செய்திருப்பார். சீனக் கடையில்தான் எல்லாம் மேசையின் நடுவே வந்து இறங்குகிறது. நடுவே வந்து இறங்கும் எதற்கும் ஒரு தலைவர் வேண்டுமல்லவா? அவர்தான் நம் ஆள். எல்லோருக்குமாக ஆர்டர் செய்பவர்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. ஆளுக்கொரு மெனு அட்டை வரும். இவர் மட்டும் தன்னுடையதைத் திறக்கமாட்டார். அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வைப்பார், கடைக்குப் பூட்டுப் போடுவதுபோல. வேறு யாருடைய கையாவது அட்டையை நோக்கி நகர்ந்தால், "அது எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல?" என்பார். அந்த "நான் இருக்கேன்ல" அன்பா, அதட்டலா? இன்றுவரை யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

கல்கத்தாவில், டேங்ராவில், ஒரு காலத்தில் தோல் பதனிடும் கொட்டகைகள் நிறைந்திருந்த சந்து ஒன்றில், வாசலில் சாக்கடையும் உள்ளே வதங்கும் பூண்டு மணமுமாக இருக்கும் 'லக்கி ரூஸ்டர்' கடையில், இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஒன்று ஞாயிறு மதியங்களில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தது. பெயர் பரிதோஷ் நியோகி. துறைமுகத்தில் கிடங்கு அதிகாரி. கப்பலில் எந்தப் பெட்டி எங்கே இறங்க வேண்டும் என்று வாரம் முழுக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எந்தத் தட்டு யார் முன்னால் இறங்க வேண்டும் என்று சொல்வார்.

அவர் ஆர்டர் செய்யும் அழகே தனி. கடைக்காரி லியாவ் ஆன்ட்டி, டேங்ராவிலேயே பிறந்து வளர்ந்த ஹக்கா சீனப் பெண்மணி, நம்மைவிட நன்றாக வங்காளம் பேசுபவர், மேசை அருகே வந்து நிற்பார். பரிதோஷ் பாபு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மிளகாய் மீனுக்குக் கொடுவாதான் வேண்டும், துண்டு கட்டைவிரல் நீளம் இருக்க வேண்டும், எண்ணெயைப் புகை வரும்வரை காயவிட்டு அரை நொடி ஆறவிட வேண்டும், குடமிளகாயைக் கடைசியில் போட வேண்டும், சோயாவை வாணலியின் விளிம்பில் ஊற்ற வேண்டும், நடுவில் ஊற்றினால் கறுத்துவிடும் என்று சமையல்காரருக்குச் சமையல் சொல்லி முடிக்கையில், பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பார்கள். அதன்பிறகு ஆட்களுக்கு வருவார். "தம்பிக்குக் கோழி. சுலேகாவுக்குப் பூண்டு இறால், அவளுக்கு அதுதான் உயிர். ஊர்மிக்குக் கிரேவி நூடுல்ஸ். அக்காவுக்கு வெஜ் ஹக்கா, வெங்காயம் பூண்டு இல்லாம. காரம் கூடவே கூடாது, ஆகாது."

சுலேகா அவர் மனைவி. பூண்டு இறால் தன் உயிர் என்பதைக் கல்யாணம் ஆன புதிதில் இந்த மேசையில்தான் அவர் தெரிந்துகொண்டார்.

இந்த இனத்தார் பொறுத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு: நம் மேசையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து மேசைத் தட்டைப் பார்ப்பது. லக்கி ரூஸ்டரில் சிம்னி சூப் என்று ஒன்று. நடுவில் புகைபோக்கி வைத்த பாத்திரம், அடியில் கரி நெருப்பு, சுற்றிலும் கொதிக்கிற சாறு, அதில் மீன், இறால், கோழி, பன்றி, முட்டை, கீரை என்று உலகமே மிதக்கும். அது புகை விட்டுக்கொண்டு கடந்துபோகும்போதெல்லாம் சுலேகாவின் தலை தானாகத் திரும்பும். "அது சாப்பாடா? ரயில் இன்ஜின்," என்பார் பரிதோஷ் பாபு. தலை திரும்பி வந்துவிடும்.

பரிதோஷ் பாபு போன மாதம் இறந்துபோனார்.

அவர் ஆஸ்பத்திரியிலும் ஓயவில்லை. மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கு எந்தச் சூப் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று நர்ஸிடம் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் பிழைத்து வீட்டுக்குப் போனார்.

ஒரே மகள் ஊர்மி. லிஃப்டுகளைச் சோதிக்கும் இன்ஜினியர். எந்தக் கம்பி எந்தப் பளுவில் அறும் என்று கேட்டால் சொல்வாள். கொள்ளி வைத்தாள், காரியம் முடியும்வரை உப்பில்லாத பச்சரிசிச் சோறும் வாழைக்காயும் தின்றாள், அழுதாளா என்று கேட்டால் அதற்கு அவளிடம் அளவு இல்லை. காரியம் முடிந்தபின் நோன்பு முறிக்கிற சாப்பாடு ஒன்று உண்டு. துக்கத்தில் இருந்தவர்கள் மறுபடி மீனைத் தொடுகிற நாள். வீட்டில் பந்தல் போட்டு, சமையல்காரரை அமர்த்திக் கட்லா மீன் போடுவதுதான் வழக்கம். ஆனால் பரிதோஷ் பாபு பல வருடங்களுக்கு முன்பே இதற்கும் ஆர்டர் கொடுத்திருந்தார். "எனக்காக எவனாவது கேட்டரிங் கட்லா போட்டான்னா, பாடையிலேர்ந்து எழுந்து வருவேன். லக்கி ரூஸ்டர்தான்."

சரி, சாஸ்திரம்? சித்தப்பா பவதோஷ் காக்கு புரோகிதரைக் கூப்பிட்டு, மிளகாய் மீன் மீன் கணக்கில் சேருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். புரோகிதர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, கிரேவியா டிரையா என்று கேட்டார். டிரை என்றதும், தாராளமாகச் சேரும் என்றார்.

ஆக ஞாயிறு மதியம் குடும்பம் லக்கி ரூஸ்டரில் வந்து உட்கார்ந்தது. அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமலே எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மெனு அட்டைகள் வந்தன.

அப்போதுதான் பாருங்கள், வேடிக்கை ஆரம்பித்தது. முப்பது வருடமாக இந்தக் கடையில் சாப்பிடும் குடும்பத்துக்கு மிளகாய் மீனைத் தாண்டி ஒன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காக்கு ரொம்ப கம்பீரமாக, "முதல்ல சூப் கொண்டாங்க," என்றார். எந்தச் சூப் என்றார் லியாவ் ஆன்ட்டி. "எப்பவும் வருமே, அந்தச் சூப்." அது என்ன நிறம் என்பதில் காக்குவுக்கும் அவர் மனைவிக்கும் சண்டை வந்தது. மஞ்சள் என்றார் அவர். பழுப்பு என்றார் மனைவி. கல்யாணம் ஆன நாள்முதல் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சூப்பைக் குடித்தவர்கள்.

காக்கு விடவில்லை. தலைவர் போனால் இடம் தம்பிக்குத்தானே? அவர் நாற்காலியில் சாய்ந்தார், கண்ணை மூடினார், அண்ணன் மாதிரியே எண்ணெயைப் பற்றி ஆரம்பித்தார். "எண்ணெயைப் புகை வரவரைக்கும் காயவிட்டு..."

லியாவ் ஆன்ட்டி சிரித்துவிட்டார். துக்க வீட்டுக்காரர்கள் முன்னால் சிரித்துவிட்டோமே என்று கையால் வாயை மூடினார்; மூடியும் நிற்கவில்லை. "மன்னிச்சுக்குங்க. நியோகி பாபு சொன்னது ஒண்ணையும் நாங்க ஒரு நாளும் செஞ்சதில்ல."

காக்கு கண்ணைத் திறந்தார்.

"சமையல்காரருக்கு இங்க பேசறது கேக்காது. நான் உள்ள போய் 'நியோகி மேசை'ன்னு மட்டும் சொல்வேன். அவர் எல்லாருக்கும் போடறத இங்கயும் போடுவார். பாபு ஒரு வாய் வச்சுட்டு, 'பாத்தீங்களா, சோயாவை விளிம்புல ஊத்தினதால வந்த ருசி'ம்பார். நான் ஆமாம்பேன்."

முதலில் சிரித்தது சுலேகா. அது இருமல்போல ஆரம்பித்தது. பிறகு காக்கு, பிறகு ஊர்மி. கடைசியில், மேசையின் அந்த ஓரத்தில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்த பிஷிகூட, அதாவது பரிதோஷ் பாபுவின் அக்கா, ஊர்மியின் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சாவு விழுந்த நாளிலிருந்து அந்தக் குடும்பம் சிரிக்கவில்லை. சேர்த்து வைத்துச் சிரித்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேப்போம்," என்றார் லியாவ் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த அம்மா தட்டுல வெங்காயம், பூண்டு, காரம் கூடாதுன்னுவாரே, அத மட்டும் தவறாம செய்வோம்."

அக்கா மேல் எத்தனை பாசம் என்று எல்லோரும் ஒரு நிமிடம் தலையாட்டினார்கள். பிஷி மட்டும் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும், வந்த காரியம் ஞாபகம் வந்தது. காரியம் மீன். சுலேகாவின் தட்டில் மீன் விழுமா?

பழைய முறைப்படி, புருஷன் போனபின் பெண்டாட்டிக்கு மீன் இல்லை. மாமிசம் இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை. எல்லோரும் நோன்பு முறிக்கிற அன்றைக்கு அவளுக்கு மட்டும் நோன்பு தொடங்கும். இப்போது யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பீர்கள். பார்ப்பவர்கள் இருந்தார்கள். பிஷி பார்த்தார். புருஷன் இறந்த வருடம், தன் நாற்பது வயதில், இதே மாதிரி ஒரு சாப்பாட்டில் அவருடைய மாமியார் அவர் இலையில் மீனுக்குப் பதில் வாழைக்காயை வைத்தார். அன்று தொட்டு வாழைக்காய். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊர்மி ஒரு முடிவோடு வந்திருந்தாள். அம்மா மீன் சாப்பிட்டே ஆகவேண்டும். முந்தின நாளே கடைக்குப் போன் செய்து அம்மாவுக்குத் தனியாக ஒரு தட்டு மிளகாய் மீன் சொல்லியாயிற்று. பிஷி தடுத்தால் என்ன பேசுவது, காக்கு குழப்பினால் என்ன பேசுவது, அம்மா அழுதால் என்ன செய்வது, எல்லாம் ஒத்திகை பார்த்தாயிற்று. லிஃப்டின் பிரேக்கைச் சோதிப்பதற்கு முன் அவள் இப்படித்தான் தயாராவாள். அம்மாவைக் கேட்டாளா என்கிறீர்களா? அம்மாவின் நன்மைக்காகச் செய்வதை அம்மாவிடம் கேட்பார்களா?

காக்கு தொண்டையைக் கனைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பௌதிக்கு, அதாவது அண்ணிக்கு, ஒரு வெஜ் நூடுல்ஸும் சொல்லிவிடலாம், தீதியின், அதாவது அக்காவின், மனசும் நோகாது, அவரவர் இஷ்டம் என்றார். அவரவர் இஷ்டம் என்று சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அம்மா மீன்தான் சாப்பிடுவா," என்றாள் ஊர்மி.

அதில்லம்மா, ஊர் உலகம் என்று காக்கு இழுத்தார். எந்த ஊர், எந்த உலகம், இந்த மேசையில் இருக்கிறதா, இருந்தால் சொல்லுங்கள், அதற்கும் ஒரு தட்டு சொல்கிறேன் என்றாள் ஊர்மி. காக்குவின் மனைவி, பாவம் சுலேகா அக்காவுக்கு வாயு, ராத்திரி மீன் செரிக்காது என்றார். இது மதியம்தான் என்றாள் ஊர்மி. அப்படியானால் கிரில் செய்த மீன் சொல்லலாமே, எண்ணெய் இருக்காது என்றார் காக்கு, சமாதானக் கொடி ஏந்தி. கூடாது, மிளகாய் மீன்தான், அப்பா சொல்வதுதான், கொடுவாதான், கட்டைவிரல் நீளம்தான் என்று ஊர்மி சொல்லச் சொல்ல, லியாவ் ஆன்ட்டி இவள் முகத்தையும் காலி நாற்காலியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பிஷி, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று ஊர்மி சண்டைக்கு நின்றாள்.

பிஷி, "நான் என்னடி சொல்லப்போறேன்?" என்றார். ஊர்மி அதையும் ஒரு குத்தாகவே எடுத்துக்கொண்டாள்.

இவ்வளவு நேரமும் சுலேகா என்ன செய்துகொண்டிருந்தார்? தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரை வைத்தார். எதிரே மகள் முன்னால் இருந்த மெனு அட்டைக்காகக் கையை நீட்டினார். அட்டை வரவில்லை. அதன்மேல் ஊர்மியின் கைப்பேசி இருந்தது. கைப்பேசியின் மேல் ஊர்மியின் கை இருந்தது.

"எதுக்கு மா? அதான் நான் இருக்கேன்ல?"

சொன்னபின்தான் ஊர்மிக்கு அது காதில் விழுந்தது. தன் குரலில் அந்த வாக்கியம் அவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சுலேகா மகளைப் பார்த்தார். "அந்த நாற்காலி இப்பத்தான் காலியாயிருக்கு," என்றார். "அதுல நீ போய் உக்காராத."

அட்டையைத் தானே எடுத்துக்கொண்டார். திறந்தார். புரட்டக்கூட இல்லை, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவருக்குப் புரட்ட என்ன இருக்கிறது? "சிம்னி சூப்," என்றார்.

லியாவ் ஆன்ட்டி ஜாக்கிரதையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் மீன் வரும், இறால் வரும், கோழி வரும். கொஞ்சம் நிறுத்தி, பன்றியும் வரும் என்றார். காக்குவுக்கு வியர்த்தது. "பௌதி, பன்னி..."

"எல்லாம் போடுங்க," என்றார் சுலேகா. "பூண்டு இறால் மட்டும் வேண்டாம். எனக்கு அது என்னிக்குமே பிடிச்சதில்ல."

ஊர்மிக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. கூடவே, அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் கூச்சம், அவ்வளவு சூடாகக் குடிக்கக்கூடாது, ஆறவைத்துத் தரச் சொல்லலாமா என்றும் வாய்வரை வந்தது. விழுங்கினாள். அந்த மதியத்தில் அவள் விழுங்கியதிலேயே கடினமானது அதுதான்.

சூப் வந்தது. புகை விட்டுக்கொண்டு, தணல் மினுங்க, நிஜமாகவே ரயில் இன்ஜின் மாதிரி வந்து நடுவில் நின்றது. பக்கத்து மேசைகளில் தலைகள் திரும்பின. கரண்டி பிடிக்கக் காக்குவின் கை எழுந்தது. சுலேகா பார்த்த பார்வையில் இறங்கியது. அவரே ஊற்றிக்கொண்டார். மீனை முதலில் எடுத்தார். ஊதினார், சாப்பிட்டார். மொத்தக் குடும்பமும் வாயைப் பார்த்தது.

"சுமாராத்தான் இருக்கு," என்றார். "உங்கப்பா சொன்னது சரிதான்."

பிறகு அழுதார், சத்தமில்லாமல், கொஞ்சமாக. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டார். ஊர்மி கரித் தணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை, கண் எரிகிறது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

இரண்டாவது கிண்ணம் பாதியில், சுலேகாவுக்கு என்ன தோன்றியதோ, மேசையின் அந்த ஓரத்துக்குத் திரும்பினார். "தீதி, நீங்க என்ன சாப்பிடறீங்க?"

"வெஜ் ஹக்கா," என்றார் காக்கு. "வெஜ் ஹக்கா," என்றார் அவர் மனைவி. "வெஜ் ஹக்கா, வெங்காயம் பூண்டு காரம் இல்லாம," என்றாள் ஊர்மி. மூவரும் ஒரே மூச்சில். பயிற்சி அப்படி.

"நான் தீதியக் கேட்டேன்," என்றார் சுலேகா.

பிஷி நிமிர்ந்தார். தன்னை யாரோ மேடைக்குக் கூப்பிட்டுவிட்டதுபோல இடமும் வலமும் பார்த்தார். மெல்லக் கையை நீட்டினார். அட்டை கை மாறிக் கை மாறி அவரிடம் போய்ச் சேர்ந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தில், கடையின் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.

படித்தார். சூப்புகளைப் படித்தார், ஒவ்வொன்றையும் உதட்டசைத்து, இது மஞ்சள்தான் என்று காக்குவிடம் தீர்ப்பும் சொல்லி, படித்தார். மீன் பக்கத்துக்கு வந்தார். அங்கே விரல் நின்றது. நீராவியில் வேகவைத்த மீன், இஞ்சி மீன், மிளகாய் மீன் என்று விரல் ஊர்ந்தது. அதோடு மேசை முழுவதன் கண்களும் ஊர்ந்தன. சொல்லுங்கள் பிஷி, சொல்லிவிடுங்கள், நாற்பது வயதில் பிடுங்கிக்கொண்டதை இன்றைக்குத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்று ஊர்மி மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தாள். லியாவ் ஆன்ட்டி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிஷி பக்கத்தைத் திருப்பினார். கோழி, பன்றி, சோறு, நூடுல்ஸ், ஐஸ்கிரீம், அச்சகத்தின் பெயர், தொலைபேசி எண். அட்டையை மூடி, அதன்மேல் கையை வைத்தார்.

"வெஜ் ஹக்கா நூடுல்ஸ்," என்றார்.

ஊர்மியின் முகம் விழுந்ததை லியாவ் ஆன்ட்டிகூடக் கவனித்தார்.

"ஆனா பச்சை மிளகாய் தூக்கலா போடுங்க," என்றார் பிஷி. "மேல மிளகாய் எண்ணெயும் ஊத்திக் கொண்டாங்க. வாயெல்லாம் எரியணும். தம்பி இருந்தவரைக்கும் ஒரு நாள்கூட நாக்குக்கு உறைக்கத் தின்னதில்ல." கொஞ்சம் யோசித்து, "பாவம், நல்ல பிள்ளை," என்றும் சேர்த்துக்கொண்டார்.

நூடுல்ஸ் வந்தது, சிவந்த நிறத்தில். பிஷி கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, யாருக்கும் ஒரு வாய்கூடக் கொடுக்காமல், கடைசி மிளகாய்வரை தின்றார்.

அவ்வளவுதான் கதை. இப்போது நீங்கள் சொல்லுங்கள், வாசகரே. பிஷியின் விரல் மீன் பக்கத்தில் நின்றபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அவருக்காக மனதுக்குள் ஒரு தட்டு மீன் சொல்லிவிட்டீர்கள்தானே? வெஜ் ஹக்கா என்றதும், "சே, இந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியலையே," என்று ஒரு நொடி முகம் சுளித்தீர்கள்தானே? பரவாயில்லை. அவர் நல்லதுக்குத்தானே நினைத்தீர்கள்? இந்த இனம் என்றைக்காவது கெட்டதுக்கு நினைத்திருக்கிறதா?

அடுத்த முறை குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போய், எல்லோரும் உட்கார்ந்து, மெனு அட்டைகள் வந்ததும், உங்கள் கைப்பேசியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.